எட்டடி இரண்டு அங்குல வீட்டுக்கு விளக்கு வாங்கின கதை

ஹாலில் நின்று சட்டை மாற்றக் கூடாது. என் மகனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த சட்டம் இது. அவன் ஆறடி ஓர் அங்குலம். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் மேலே காத்தாடி, அதாவது ஃபேன் இறக்கை. ஒரு தீபாவளிக் காலையில் புதுச் சட்டையை அவசரமாக மாட்டப் போய், கட்டை விரல் நகம் பெயர்ந்து, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் ரத்தம் சொட்டியது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் அளவு நாடாவை எடுத்தார். தரையிலிருந்து சீலிங் எட்டடி இரண்டு அங்குலம். காத்தாடி இறக்கை ஆறடி பதினோரு அங்குலம். அளந்து பார்த்து, "சரி, சட்டையை ரூமிலே மாத்து" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டார். அவ்வளவுதான் அப்போது நடந்தது.

எங்கள் வீடு மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில், 1980-களில் கட்டிய மலிவு விலை வரிசை வீடு. ஹாலும் படுக்கை அறைகளும் எட்டடி இரண்டு அங்குலம், பின்னால் சேர்த்துக் கட்டின அடுப்படி ஏழடி ஐந்து அங்குலம். ஏதோ குத்தகைக்காரர் கை குறைத்துக் கட்டிவிட்டார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். போலிடெக்னிக்கில் படிக்கும் மகன்தான் 1984-ஆம் ஆண்டுக் கட்டட துணைச் சட்டத்தை எடுத்துக் காட்டினான். ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் குறைந்தது 2.5 மீட்டர், அடுப்படிக்கு 2.25, குளியலறைக்கு 2 மீட்டர். 2.5 மீட்டர் என்றால் எட்டடி இரண்டு அங்குலம். ஆக, சட்டம் கேட்ட உயரத்தை அப்படியே கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு விரல்கடை கூட இல்லை. இந்த நாட்டில் தாமான் என்கிற குடியிருப்புகளில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இதே கதைதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ரவிக்கை, பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை, அப்புறம் மலாய் ஆசிரியைகளுக்கு அவர்கள் உடுத்தும் பாஜு கூரோங். பிறந்தது எல்பில் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அங்கே சீலிங் என்ற ஒன்றே கிடையாது, மேலே பார்த்தால் தகரம். நடுவீட்டில் ஒரு குண்டு பல்பு வயரில் தொங்கும். ராத்திரி தோட்டத்து மோட்டார் நின்றதும் அதுவும் போய்விடும், அப்புறம் மண்ணெண்ணெய் விளக்கு. அம்மா அந்த வெளிச்சத்தில் கைத்தையல் போட்டே கண்ணைக் கெடுத்துக்கொண்டார். தாமான் வீட்டுக்கு வந்தபோது கலிமந்தாங் என்கிற டியூப் விளக்கு எரிவதைப் பார்த்து, பகல் மாதிரி இருக்கிறது என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். அந்தக் கலிமந்தாங் விளக்கைத்தான் போன வருஷம் வரை வைத்திருந்தேன். நாலடி டியூப், 36 வாட், அதற்கு ஒரு சோக், ஒரு ஸ்டார்ட்டர்.

மாற்றியதற்குக் காரணம் நகம் இல்லை, நூல். ஒரு கல்யாணத்துக்கு அரக்கு நிறப் பட்டில் ரவிக்கை தைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்குக் கை ஓரத்தை முடித்தேன். காலையில் வாசலில் வெயிலில் தூக்கிப் பார்த்தால் ஒரு கை அரக்கு நூலில், இன்னொரு கை காப்பி நிற நூலில். ராத்திரி இரண்டு நூல்கண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தது. தையலைப் பிரித்தால் பட்டில் ஊசித் துளை நிற்கும். பிரித்தேன், நின்றது. அந்த அம்மா பெருந்தன்மையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை வரவும் இல்லை.

அப்போதுதான் விளக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த கையோடு ஒரு முட்டாள்தனமும் செய்தேன். இணையத்தில் ஒரு விளக்கு. பளிங்கு மணி மணியாய்த் தொங்கும், நடுவில் பொன் நிற வளையம், 89 ரிங்கிட். படத்தில் அது தொங்கியது அரண்மனை மாதிரி ஒரு ஹாலில். விவரத்தில் "40 செ.மீ" என்று போட்டிருந்ததைப் பார்த்து, சரி, அளவாகத்தான் இருக்கிறது என்று வாங்கினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, 40 செ.மீ என்பது அகலம். தொங்கல் 33 செ.மீ. அதை எங்கும் எழுதவில்லை. மாட்டிப் பார்த்தால் கடைசி மணி தரையிலிருந்து ஏழடி ஓர் அங்குலம். நான் ஐந்தடி இரண்டு, எனக்கு ஒன்றும் இல்லை. மகன் தலைக்கு மேலே ஓரடிதான் மிச்சம். மூன்றாம் நாள் நானே நாற்காலி மேல் ஏறி ஒட்டடை அடிக்கும்போது நெற்றியில் வாங்கினேன். இறக்கிப் பெட்டியில் போட்டாயிற்று.

ஒன்றை அப்போது கற்றுக்கொண்டேன். விளக்குப் பெட்டியில் அளவு போடும்போது விட்டம் ஓரிடத்தில் இருக்கும், உயரம் இன்னோரிடத்தில் இருக்கும். நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது உயரத்தை. அது எழுதாத சாமானை வாங்கவே வேண்டாம்.

அடுத்து பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போ. குளிர்சாதனம் போட்ட பெரிய விளக்குக் கடை, பெயர் வேண்டாம். அங்கே ஒரு தம்பி நன்றாகப் பேசினார். "சீலிங் தாழ்வா இருந்தா டவுன்லைட்தான் ஆன்ட்டி. உள்ளே புதைச்சிடலாம், வெளியே ஒண்ணும் தொங்காது." கேட்க நியாயமாக இருந்தது. எத்தனை வேண்டும் என்றால், ஹாலுக்கு எட்டு, அறைக்கு நாலு. புதைப்பதற்கு பிளாஸ்டர் சீலிங் போட வேண்டும், அதையும் அவர்களே செய்து தருவார்களாம். பிளாஸ்டர் சீலிங்குக்கு எவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். நாலிலிருந்து ஆறு அங்குலமாம். சீலிங் தாழ்வாக இருக்கிறது என்று வந்தவளுக்கு சீலிங்கை இன்னும் அரையடி இறக்கும் யோசனை! சட்டம் கொடுத்த உயரத்தையே விழுங்கிவிடும். அங்கே எரியவிட்டிருந்த டவுன்லைட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சம் குறுகலாக, டார்ச்சு அடித்த மாதிரித் தரையில் வட்டம் வட்டமாக விழுந்தது. சுவரின் மேல்பாதி இருட்டு. உயரமான வீட்டில் அந்த வட்டங்கள் விரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். எட்டடியில் கலக்க இடமில்லை. சுவரும் சீலிங்கும் இருண்டால் அறை இன்னும் தாழ்ந்து போன மாதிரி இருக்கும்.

பழைய சீலிங் தட்டிலேயே ஓட்டை போடலாமா என்று எங்கள் வயர்மேன் அண்ணனைக் கேட்டேன். அவர் மேலே பார்த்துவிட்டு உடனே தலையை ஆட்டினார். "இது பழைய அஸ்பெஸ்டாஸ் தட்டு மாதிரி தெரியுதும்மா. இதுல ஓட்டை அறுக்குற வேலைய நான் செய்ய மாட்டேன். அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் காட்டும்." எந்த விளக்கு வாங்கினாலும் தட்டுக்கு வெளியே ஒட்டிய மாதிரி, மரச்சட்டம் போகும் இடத்தில் திருகாணி போடுகிற மாதிரி வாங்கச் சொன்னார். பழைய வீட்டில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு போனால் இன்னொன்று வாங்கலாம்.

கடைசியில் போன கடை எங்கள் ஊர் பாசாருக்கு, அதாவது சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிற சீனர் ஹார்ட்வேர் கடை. முதலிலேயே போயிருக்கலாம். காலையில் பசியாறிவிட்டுப் போனால் பத்து மணிக்குள் வேலை முடிந்திருக்கும். பெரிய ஊரில்தான் நல்ல சாமான் கிடைக்கும் என்ற எண்ணம் தோட்டத்தில் பிறந்தவர்களை விடாது.

கடையில் குளிர்சாதனம் இல்லை. முன்னால் உரமூட்டை, பக்கத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டும் கத்தி, தோட்டத்து பூட்ஸ், உள்ளே போனால் விளக்கு. தவுக்கே, அதாவது கடை முதலாளி, அறுபது வயது தாண்டியவர். தோட்டத்துச் சனங்களோடு வியாபாரம் செய்தே அரைகுறைத் தமிழ் கற்றவர். நான் எந்த விளக்கையும் கேட்பதற்கு முன்னாலேயே, "ஆச்சி, உங்க வீடு எத்தனை அடி?" என்று கேட்டார். ஈப்போவில் என்னை யாரும் இந்தக் கேள்வி கேட்கவில்லை. சொன்னேன். அவர் ஒரு கம்பால் கடைக் கூரையைக் காட்டினார். "இங்கே பன்னண்டு அடி. இங்கே பாத்து வாங்கக் கூடாது." பிறகு ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு மடக்கு ஏணியில் ஏறி, எட்டடி வரும் இடத்தில் கையால் பிடித்துக்கொண்டு, அடியில் வந்து நிற்கச் சொன்னார். வயதான மனுஷன், எனக்கே பயமாக இருந்தது. ஆனால் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த விற்பனைச் சேவை அதுதான்.

அவர் காட்டியது சீலிங்கோடு ஒட்டிக் கிடக்கும் வட்டத் தட்டு விளக்கு. பேனல் லைட் என்றும் சர்ஃபேஸ் டவுன்லைட் என்றும் சொல்கிறார்கள். 18 வாட் என்றால் ஒன்பது அங்குல அகலம், 24 வாட் என்றால் ஓரடி அகலம். கனம் மூன்றரை செ.மீ. சப்பாத்திக் கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பார்க்க ஓர் அழகும் இல்லை. பால் நிற மூடி முழுவதும் ஒரே சீராக எரியும், வெளிச்சம் பக்கவாட்டிலும் பரவிச் சுவரைத் தொடும். சுவர் வெளுத்ததும் அறை பெரிதானது மாதிரி ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

நான் கைப்பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்தேன். அரக்கு, காப்பி, கறுப்பு, கருநீலம், பாட்டில் பச்சை. தவுக்கே சிரித்தார், "ஆச்சி பரீட்சைக்கு வந்திருக்கு" என்று கடைப் பையனிடம் சொன்னார். அவர் எரியவிட்ட முதல் விளக்கு 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்), எல்லாரும் கேட்கும் டேலைட். பளீரென்று நீலம் கலந்த வெள்ளை. அதில் அரக்கும் காப்பியும் அண்ணன் தம்பி மாதிரி, கறுப்பும் கருநீலமும் இரட்டைப் பிள்ளை மாதிரி. இரண்டாவது 4000 கெல்வின். கொஞ்சம் தேவலை. மூன்றாவதும் 4000தான், ஆனால் பெட்டியில் சி.ஆர்.ஐ 90 என்று போட்டிருந்தது. அதன் அடியில் பிடித்ததும் அரக்கு சிவந்து எழுந்தது, காப்பி காப்பியாகவே நின்றது. கண் கூசவில்லை, ஆனால் அழுகை வந்தது என்றே சொல்லலாம். இந்த வெளிச்சம் அன்றைக்கு இருந்திருந்தால் ஒரு வாடிக்கையாளர் போயிருக்க மாட்டார்.

சி.ஆர்.ஐ என்பது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண். நூறுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவது மாதிரி. சாதாரண எல்.இ.டி விளக்குகள் 80 பக்கம் வாங்கும், சிவப்புப் பாடத்தில்தான் அவை அதிகம் கோட்டை விடுகின்றன. ஹாலுக்கு 80 போதும். தைக்கிறவர்கள், பட்டு விற்கிறவர்கள், மாலை கட்டுகிறவர்கள் 90 கேளுங்கள். விலை வித்தியாசம் 14 ரிங்கிட். சாதாரண 24 வாட் 24 ரிங்கிட், நான் வாங்கிய 90 காரன் 38. கடையில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரும் கேட்பதில்லையாம்.

இன்னொரு விஷயம், தாழ்ந்த சீலிங் எல்லாவற்றுக்கும் கெடுதல் இல்லை. மகன் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். விளக்கு மேசையிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். எங்கள் வீட்டில் தையல் மேசைக்கும் சீலிங்குக்கும் இடையே 1.75 மீட்டர். பத்தடிச் சீலிங் வீட்டில் 2.3 மீட்டர் பக்கம் வரும். நேர் கீழே உட்கார்ந்தால் அதே விளக்கு எனக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வெளிச்சம் தருகிறது. பணக்கார வீட்டில் 36 வாட் போட வேண்டிய இடத்தில் எனக்கு 24 போதும். கிட்டே இருப்பதால் கண் கூசும், அதற்குத்தான் பால் மூடி. மூடியில்லாமல் புள்ளி புள்ளியாக எரிவதைத் தாழ்ந்த வீட்டில் போடவே கூடாது, நிமிர்ந்தால் கண்ணில் பூச்சி பறக்கும்.

தையல் அறைக்கு 90 காரனை அறை நடுவில் மாட்டவில்லை. பழைய டியூப் நடுவில், என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. இத்தனை வருஷம் என் நிழல் மேலேயே தைத்திருக்கிறேன். இப்போது மிஷினுக்கு மேலே, கொஞ்சம் முன்னால், இடது பக்கமாக மாட்டச் சொன்னேன். ஊசி நம் இடப்பக்கம்தான் இருக்கிறது, மிஷினின் கழுத்து வலப்பக்கம். வெட்டும் மேசைக்கு மேலே 18 வாட் ஒன்று. மகன் கைப்பேசியில் ஏதோ செயலி போட்டு அளந்தான். முன்பு ஊசி இருக்கும் இடத்தில் 110 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), இப்போது 340. கைப்பேசி அளவு துல்லியம் இல்லை, முன்பின் ஒப்பிட மட்டும்தான் என்றும் சொன்னான். தையல் வேலைக்கு ஐரோப்பியத் தர அளவு 750 லக்ஸ் கேட்கிறதாம். சீலிங் விளக்கு ஒன்றை வைத்து அதை எட்ட முடியாது. மிஷினில் காந்தத்தோடு ஒட்டும் வளைகழுத்து விளக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கறுப்புத் துணி வந்தால் மட்டும் எரியவிடுவேன்.

காத்தாடிக்கு வருவோம். விளக்கு வாங்கப் போகிறவர்கள் காத்தாடியை மறந்துவிட்டுப் போகிறார்கள். தாழ்ந்த வீட்டில் இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடுகிற பங்காளிகள். விளக்கு காத்தாடி இறக்கைக்கு மேலே வந்துவிட்டால், இறக்கை சுற்றச் சுற்ற வெளிச்சத்தை வெட்டும். சுவர், தரை, தொலைக்காட்சி எல்லாம் துடிதுடிக்கும். சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் நாலு பேனல் லைட்டையும் காத்தாடியைச் சுற்றி நெருக்கமாகப் போட்டுவிட்டார்கள். அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றும். அவர்களுக்குப் பழகிவிட்டதாம்.

நாங்கள் பழைய 60 அங்குலக் காத்தாடியை இறக்கிவிட்டு, கம்பி குட்டையான 48 அங்குலம் வாங்கினோம், 219 ரிங்கிட். சீலிங்கிலிருந்து இறக்கை எட்டு அங்குலம் இறங்கியிருக்கிறது, தரையிலிருந்து ஏழரை அடி. காத்தாடியோடு வந்த தாளில் இறக்கை 2.3 மீட்டருக்கு மேலே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு விரல்கடை குறைகிறது. இதற்கு மேல் அந்த வீட்டில் முடியாது. மகன் வந்தால் இன்னும் ரூமில்தான் சட்டை மாற்றுகிறான். காற்றும் பழையபடி இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இறக்கை சீலிங்கை ஒட்டிப் போனால் மேலிருந்து காற்றை இழுக்க இடம் போதாது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டிவிட்டு வந்து அடியில் படுத்துக்கொண்டு, "பழைய காத்தாடிதான் காத்தாடி" என்று பெருமூச்சு விடுவார். தையல் அறையில் காத்தாடியையே எடுத்துவிட்டுச் சுவர் காத்தாடி வைத்துவிட்டேன், அது தனி நிம்மதி.

ஹால் பதினாறடி நீளம், பதினோரடி அகலம். நடுவில் காத்தாடி. அதன் மையத்திலிருந்து நீளவாக்கில் இந்தப் பக்கம் ஐந்தடியில் ஒரு 24 வாட், அந்தப் பக்கம் ஐந்தடியில் ஒன்று. இறக்கை நுனிக்கும் விளக்கின் மையத்துக்கும் மூன்றடி இடைவெளி. துடிப்பு அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை, எதிர்ச்சுவரின் மேல்பகுதியில் மெல்லிய அசைவு இருக்கிறது. அங்கே காந்தி படமும் என் மாமனார் படமும் இருக்கின்றன. அவர்கள் இரண்டு பேரும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டத்துக்கு அது இறங்குவதில்லை.

அடுப்படி ஏழடி ஐந்து. அங்கே வட்ட விளக்கு வேண்டாம் என்று தவுக்கேயே சொன்னார். பேட்டன் என்கிற நாலடி நீள ஒல்லி விளக்கு, 20 வாட், 19 ரிங்கிட். அதை நடுவில் மாட்டாமல், காய் வெட்டும் பலகைக்கு மேலே சுவரோரமாக மாட்டினோம். நடுவில் இருந்தால் வெட்டுகிற வெங்காயத்தின் மேல் நம் தலை நிழல்தான் விழும், தாழ்ந்த சீலிங்கில் அந்த நிழல் இன்னும் பெரிதாக விழும். மூடி முழுக்க அடைத்தது, தாளிப்புப் புகை உள்ளே போவதில்லை. வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைக்கிறேன். துடைக்காவிட்டால் மஞ்சள் கட்டிவிடும். குளியலறை, பின்வாசல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, 12 வாட் ஒன்று போதும். சாமி மேடைக்கு 6 வாட், 3000 கெல்வின், மஞ்சள். அம்மாவுக்கு அது ஒன்றுதான் பிடித்தது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதாம்.

பூச்சி விஷயம் ஈப்போக்காரர்களுக்குப் புரியாது. எங்கள் தாமானுக்குப் பின்னால் செம்பனை. மழை விட்ட சாயங்காலம் ஈசல், மற்ற நாளில் காண்டாமிருக வண்டு. குருத்தைக் குடையும் அந்தக் கறுப்புத் தடியன் விளக்கைக் கண்டால் விடமாட்டான், டொக் டொக் என்று முட்டி விழுவான். கிண்ணம் மாதிரி மூடி உள்ள விளக்கானால் மாசம் ஒரு தடவை கழற்றி இறக்கையும் காலுமாய்க் கொட்ட வேண்டும். தட்டையாக அடைத்த விளக்கில் அந்த வேலை இல்லை. பல்லிக்கு மட்டும் அதன் ஓரம் பிடித்துப்போய்விட்டது, கதகதப்பாக இருக்கிறது போல.

ஒரு குறை சொல்ல வேண்டும். படுக்கை அறைகளுக்கு வாங்கிய இரண்டு 18 வாட் விளக்குகளில் ஒன்று மூன்று நிறம் மாறும் வகை. சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டால் வெள்ளை, நடுத்தரம், மஞ்சள் என்று மாறும். கேட்க நன்றாக இருந்தது. மின்சாரம் ஒரு கணம் மினுக்கினாலும் மாறுகிறது. யாராவது அவசரத்தில் இரண்டு தடவை தட்டினாலும் மாறுகிறது. ஒவ்வொரு ராத்திரியும் இன்றைக்கு என்ன நிறம் என்று சீட்டுக் குலுக்குவது மாதிரி. நிறம் மாற்றும் குட்டிச் சுவிட்ச் விளக்கின் முதுகிலேயே இருக்கும் வகையும் இருக்கிறது, ஒரு தடவை வைத்து மாட்டிவிட்டால் அப்படியே நிற்கும். அதை வாங்கியிருக்கலாம்.

அப்புறம் இடி. ஏப்ரலில் ஒரு சாயங்காலம் பக்கத்தில் எங்கேயோ விழுந்தது, ஹால் விளக்கு ஒன்று செத்துப்போனது. ஓராண்டு உத்தரவாதத்தில் இடி சேராது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இந்த விளக்கில் டிரைவர் என்கிற சின்னப் பெட்டி தனியாக, வயரில் செருகி வைத்த மாதிரி இருக்கிறது. போனது அதுதான். தவுக்கே 8 ரிங்கிட்டுக்கு வேறு டிரைவர் கொடுத்தார், வயர்மேன் அண்ணன் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டுத் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போனார். டிரைவர் தட்டிலேயே பதிந்திருக்கும் மலிவு விளக்கானால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கும்போது மூடியைத் திறந்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிரிம் என்கிற மலேசியத் தரச் சான்று ஸ்டிக்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் விளக்கு லைனுக்கு எர்த் வயர் இல்லாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் இல்லை. அங்கே உலோக உடம்பு விளக்கை மாட்ட மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். எர்த் தேவையில்லை என்று காட்டும், சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும் பிளாஸ்டிக் உடம்பு விளக்குதான் அங்கே போனது. திருகாணி போட்ட இடங்களில் சீலிங் தட்டை நனைத்து, முகமூடி போட்டுக்கொண்டு, கை துரப்பணத்தால் மெதுவாகத்தான் துளைத்தார். கீழே விரித்த பிளாஸ்டிக்கை அப்படியே மடித்துக் கட்டிவிட்டார்.

வீடு முழுவதுக்கும் விளக்கு 173 ரிங்கிட் ஆனது. தவுக்கே 170 வாங்கிக்கொண்டார். வயர்மேன் கூலி 180. மின்சாரக் கட்டணம் எவ்வளவு இறங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது, காத்தாடியும் மாறிவிட்டதால் கணக்கு கலந்துவிட்டது. பழைய 36 வாட் டியூப் சோக்கோடு சேர்த்து 45 வாட் பக்கம் தின்றிருக்கும், இப்போது அந்த இடத்தில் 24.

அந்தக் கடையைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால், ஞாயிறு மதியத்தோடு அடைத்துவிடுகிறார்கள், ரசீது கேட்டால்தான் எழுதுகிறார்கள், 90 காரன் மறுபடி வரவழைக்க மூன்று வாரம் எடுத்தார்கள். இரண்டாவதை வெட்டும் மேசைக்கு மேலே மாட்டிவிட்டேன், அங்கிருந்த 18 வாட் இப்போது மூன்று நிறக்காரன் இருந்த இடத்துக்குப் போய்விட்டது. மூன்று நிறக்காரன் கோழிக் கூண்டுக்கு மேலே இருக்கிறான். கோழிகளுக்கு நிறம் பற்றிக் கவலையில்லை.

பளிங்கு விளக்கு இன்னும் அலமாரி மேலே பெட்டியோடு இருக்கிறது. பத்தடிக்கு மேல் சீலிங் இருக்கிற யாருக்காவது வேண்டுமென்றால் 40 ரிங்கிட்டுக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு மணி மட்டும் குறையும். என் நெற்றியில் பட்டு உடைந்தது.